பழைய பேட்மேனா, புதிய பேட்மேனா? ‘பென்னிவொர்த்’ என்று கூப்பிடும் புரூஸை எனக்குப் பிடிக்கவில்லை

செந்தூல் வௌவால்
செவ்வாய், இரவு 11.52

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே கதை முழுவதும் உடையும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் ஓடிவிடாது.

புதிய கார்ட்டூன் தொடர் ‘பேட்மேன்: கேப்ட் குருசேடர்’ 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரைம் வீடியோவில் வந்தது. பத்துப் பகுதியும் ஒரே நாளில். அன்றைக்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இங்கே வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு மனசாட்சி உறுத்தவே இன்னொரு முறை பார்த்தேன். போன வாரம் மூன்றாவது முறையும் ஆயிற்று. இப்போது நிதானமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பெங்குவின் என்ற வில்லனைப் பெண்ணாக்கிவிட்டார்கள் என்று இங்கே பாதிப் பேர் குதித்தீர்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நாற்பதுகளின் தொப்பி, கோட்டு, பழைய கார் எல்லாம் அழகு. 1939இல் முதன்முதலாக வந்த பேட்மேனைப் போல அந்த நீண்ட காதும் பிடித்திருக்கிறது. என்னை உறுத்துவது வேறு. புரூஸ், அதாவது முகமூடி போடாத பேட்மேன், தன்னை வளர்த்த வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரட் பென்னிவொர்த்தை வெறும் ‘பென்னிவொர்த்’ என்று கூப்பிடுகிறான். அப்பா அம்மா செத்த அன்றிலிருந்து சோறு போட்டு, காயத்துக்கு மருந்து கட்டி, ராத்திரி முழுக்க விழித்திருப்பவரைக் குடும்பப் பெயர் சொல்லி! நம் வீட்டில் தோட்டக்காரரைக் கூட ‘அண்ணே’ என்றுதானே கூப்பிடுகிறோம்?

1992இல் வந்த பழைய தொடரை, ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்’, நான் தொண்ணூறுகளில் செந்தூல் பிளாட்டில் பார்த்தேன். பக்கத்தில் பாட்டி. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தும் படிக்க வராது. வெற்றிலை இடித்துக்கொண்டே பார்ப்பார். பனி வில்லன் மிஸ்டர் ஃபிரீஸ் வரும் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ பகுதி ஒரு நாள் ஓடியது. முடிந்ததும் இடிப்பதை நிறுத்திவிட்டு, “பாவம்டா அந்தப் பனிக்காரன், பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் போல இருக்கு” என்றார். யாரும் அவருக்குக் கதை சொல்லவில்லை. படமும் இசையும் சொல்லியிருக்கின்றன.

புதியதை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு பகுதி பார்த்தேன். எனக்கு எந்த வில்லன் மேலும் பரிதாபம் வரவில்லை. இதுதான் என் வழக்கு. வாருங்கள்.

ஜெலுத்தோங் ஜோக்கர்
புதன், காலை 7.10

அண்ணே, வணக்கம். பினாங்கிலிருந்து எதிர்க்கட்சி வந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. ‘பென்னிவொர்த்’ என்று கூப்பிடுவது தப்பு என்று கதை எழுதியவர்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரிந்துதானே வைத்திருக்கிறார்கள்! தலைமை எழுத்தாளர் எட் புரூபேக்கர், குற்றக் கதை காமிக்ஸில் ஊறியவர். இந்த புரூஸ் வேலையில் இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவனுக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது. சிரிப்பது கூட ஊருக்காகப் போடும் வேஷம். அவனைப் பொறுத்தவரை ஆல்ஃபிரட் வீட்டில் இருக்கும் ஒரு வசதி, அவ்வளவுதான். பத்துப் பகுதி முடிவதற்குள் ஒரு இடத்தில் ‘ஆல்ஃபிரட்’ என்று வாய் திறந்து கூப்பிடுகிறானே, அதற்காகத்தான் இத்தனை நேரமும் நம்மைக் காய வைத்திருக்கிறார்கள். முதல் பகுதியிலேயே அன்பாகக் கூப்பிட்டிருந்தால் அந்த இடம் உங்கள் காதில் விழுந்திருக்குமா?

பாட்டி கதை அருமை. ஆனால் பாட்டியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டால் நாங்கள் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது?

கோழி சூப்
புதன், காலை 9.33

என் பெயரே அந்த ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ பகுதியிலிருந்துதான் வந்தது. பேட்மேனுக்குச் சளி. ஆல்ஃபிரட் பிளாஸ்கில் கோழி சூப் கொடுத்தனுப்புவார். கடைசியில் ஃபிரீஸின் கண்ணாடிக் கவசத்தை உடைப்பது அந்தச் சூடான சூப்தான். பெரிய பெரிய ஆயுதமெல்லாம் சும்மா. ஆல்ஃபிரட் வேலைக்காரரா அப்பாவா என்பதற்கு அந்த பிளாஸ்க் போதும். நம் ஊர் என்றால் மிளகு ரசம்.

கறுப்புத் தாள்
புதன், மதியம் 1.05

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படம் வரைந்து பிழைப்பவன். கோலாலம்பூரில்தான் வேலை, வெளிநாட்டுக்காரர்களின் கார்ட்டூனுக்கு நாங்கள் இடைப்படம், அதாவது ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் படங்கள், போட்டுக் கொடுப்போம். அதனால் என் கண் வேறு இடத்துக்குப் போகும்.

என் பெயருக்குக் காரணம் எரிக் ரடோம்ஸ்கி. புரூஸ் டிம்மோடு சேர்ந்து பழைய தொடரை உருவாக்கியவர். பின்னணி ஓவியங்களை வெள்ளைத் தாளில் வரைவதுதான் வழக்கம். அவர் கறுப்புத் தாளில் தீட்டச் சொன்னார். வெள்ளையில் வரைந்தால் இருட்டைக் கொண்டுவந்து பூச வேண்டும். கறுப்பில் வரைந்தால் இருட்டு ஏற்கெனவே இருக்கிறது, எங்கே வெளிச்சம் விழுகிறதோ அதை மட்டும் தீட்டினால் போதும். ஜன்னல், தெருவிளக்கு, நிலா. பேட்மேனின் காத்தம் நகரம் இருட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருப்பதற்கு இதுதான் காரணம். தொடக்கப் பாடலில் தொடரின் பெயரையே போடமாட்டார்கள், கவனித்தீர்களா? கூரை மேல் ஒரு நிழல், ஒரு மின்னல், முடிந்தது.

ஆனால் பழையதைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 85 பகுதியும் ஒரே தரம் இல்லை. வரைந்தது பல நாட்டு ஸ்டூடியோக்கள். களிமண் மனிதன் கதை, ‘ஃபீட் ஆஃப் கிளே’, இரண்டு பாகம். முதல் பாகம் கொரியாவின் ஏகோம், இரண்டாம் பாகம் ஜப்பானின் டிஎம்எஸ். அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் பாகத்தில் முகம் ஆளுக்கு ஆள் கோணும். இரண்டாவதில் அந்த மனிதன் தொலைக்காட்சித் திரைகளுக்கு நடுவே உருவம் மாறி மாறிக் கரைகிற இடம் இருக்கிறதே, இன்றைக்கும் அதை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். மெழுகு உருகுவது போல ஒரு முகத்துக்குள்ளிருந்து இன்னொரு முகம் வரும்.

புதியதில் அவ்வளவு மோசமும் இல்லை, அவ்வளவு உச்சமும் இல்லை. எல்லாம் ஒரே மட்டம். சண்டைக் காட்சியில் உடம்புக்குக் கனமே தெரியவில்லை. ஒரு மேலங்கி காற்றில் ஒழுங்காக அலைய வேண்டுமென்றால் விநாடிக்குப் பன்னிரண்டு படமாவது வரைய வேண்டும். நான் வரைந்திருக்கிறேன், மூன்று நாள் வேலை திரையில் கண் சிமிட்டும் நேரம். நேரமும் காசும் குறைந்தால் முதலில் அடி வாங்குவது மேலங்கிதான். அதனால் புதியதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. யாரோ ஒருவன் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மேலங்கியை விட்டுக்கொடுத்திருப்பான் என்று தோன்றுகிறது.

சரி, மேற்பார்வையாளர் வருகிறார்.

பதினாறாம் மாடி
புதன், மாலை 6.48

எனக்கு வயது 21. இரண்டையும் ஒரே வருஷத்தில்தான் பார்த்தேன். பாட்டியும் இல்லை, வெற்றிலையும் இல்லை. அதனால் நடுநிலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழையதில் பொக்கிஷம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேட்மேனைச் சின்னப் பிள்ளைகள் வீட்டு நிலவறையில் ஒளித்து வைக்கும் பகுதி ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி அண்ணன்மார் யாரும் வாய் திறப்பதில்லை. ஏன்? ஞாபகம் அதைக் கழித்துவிட்டது. பழையதிலிருந்து உங்களுக்கு ஞாபகம் இருப்பது பத்துப் பகுதி. அந்தப் பத்தைக் கொண்டுவந்து புதியதின் பத்தோடு மோதவிடுகிறீர்கள். இது என்ன நியாயம்?

அப்புறம் ஜோக்கரின் கையாள் ஹார்லி. பழையதில் ஜோக்கர் அவளை அடிப்பான், ஜன்னல் வழியே தள்ளுவான், அவள் “மிஸ்டர் ஜே” என்று பின்னாலேயே ஓடுவாள். புதியதில் ஹார்லீன் குவின்செல் பகலில் பணக்காரர்களின் மனநல மருத்துவர். இரவில் அதே பணக்காரர்களைக் கடத்தி அவர்கள் மூளையைக் கலக்குகிறாள். அவள் கதையில் ஜோக்கரே கிடையாது. யாருக்காகவும் அவள் எதையும் செய்யவில்லை. எனக்கு இந்த ஹார்லியைத்தான் பிடித்திருக்கிறது, போதுமா?

செந்தூல் வௌவால்
புதன், இரவு 10.20

தங்கச்சி, நிலவறைப் பகுதி விஷயத்தில் தோற்றேன். அது நிஜமாகவே குப்பை.

ஹார்லி விஷயத்தில் தோற்கமாட்டேன். அவள் காமிக்ஸிலிருந்து வந்தவள் இல்லை, பழைய தொடர் பெற்ற பிள்ளை. 1992 செப்டம்பரில் ‘ஜோக்கர்ஸ் ஃபேவர்’ பகுதியில் ஜோக்கரின் கையாளாக ஒரு முறை வந்துபோகத்தான் பால் டினி எழுதினார். தன் தோழி ஆர்லீன் சார்கின் ஒரு சீரியலில் கோமாளி வேஷத்தில் வந்ததைப் பார்த்து எழுந்த யோசனை, குரலும் அவரே கொடுத்தார். ஒரு நாளைக்கு வந்தவள் நிரந்தரமாகத் தங்கிவிட்டாள். ஜோக்கரிடம் அவள் படும் பாட்டை அந்தக் கதைகள் வேடிக்கையாக மட்டும் காட்டவில்லை. ‘மேட் லவ்’ கதையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பாள். இனி அவன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று முடிவெடுத்திருப்பாள். அப்போது கட்டிலருகே ஒரு பூவும் ‘சீக்கிரம் குணமாகு’ என்று ஒரு சீட்டும் இருக்கும். அதைப் பார்த்ததும் அந்த முகம் மலரும் பாருங்கள், வயிற்றைப் பிசையும். அடி வாங்கிவிட்டு மறுபடி அதே வீட்டுக்குப் போகிற அக்கா ஒருத்தி எல்லாத் தாமானிலும் இருக்கிறாள். எங்கள் மாடியிலும் இருந்தாள்.

புதிய ஹார்லி கெட்டிக்காரி. ஆனால் ஏன் இப்படிச் செய்கிறாள் என்று விளக்கம் சொல்கிறாள். பழையவள் எதையும் விளக்கமாட்டாள்.

பிறை அக்கா
வியாழன், காலை 5.55

சமையலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம். என் மகனுக்கு ஒன்பது வயது. பேட்மேன் பைத்தியம். ‘கார்ட்டூன்தானே’ என்று புதியதைப் போட்டுவிட்டேன். முதல் பகுதியிலேயே அந்த பெங்குவின் அம்மா தான் பெற்ற மகனையே துரோகி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறாள். அதுவும் ஆள் மாறிப் போய்! நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவன் என்னிடம் வந்து, “நான் பொய் சொன்னா என்னையும் கொன்னுடுவியாம்மா?” என்று கேட்டான். சிரிப்பதா அழுவதா?

பழையதில் பேட்மேனின் துணையாள் ராபினின் அப்பா அம்மா சாகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? சர்க்கஸில் ஊஞ்சல். இருவரும் ஆடிக்கொண்டு திரைக்கு வெளியே போவார்கள். திரும்பி வருவது அறுந்த கயிறு மட்டும். விழுவதைக் காட்டமாட்டார்கள். அது பிள்ளைகள் நேரத்தில் ஓடிய நிகழ்ச்சி, அமெரிக்கச் சேனல்காரர்கள் இதைக் காட்டாதே அதைக் காட்டாதே என்று ஏகப்பட்ட கெடுபிடி. அந்தக் கெடுபிடியால்தான் அந்தக் கயிறு நமக்குக் கிடைத்தது. என் மகன் அதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜெலுத்தோங் ஜோக்கர்
வியாழன், காலை 8.30

அக்கா, மன்னிக்கணும், அது பிள்ளைகளுக்கான தொடரே இல்லை. முதலில் எச்பிஓ மேக்ஸுக்காக எடுத்தார்கள், 2022 ஆகஸ்டில் அவர்கள் கைகழுவிவிட்டார்கள், அடுத்த மார்ச்சில் அமேசான் எடுத்துக்கொண்டது. தொடக்கத்திலிருந்தே பெரியவர்களுக்கான குற்றக் கதை. கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்கு என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

அறுந்த கயிறு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் மறுக்கவில்லை. ஆனால் புதியதில் ஹார்வி டென்ட்டுக்கு நடந்ததைப் பார்த்தீர்களா? பழைய ஹார்வி முதலிலேயே நல்லவன், புரூஸின் நண்பன், அவன் கெடும்போது நமக்குத் தானாக வலிக்கும். புதியவன் மேயராவதற்காக யார் கையையும் குலுக்கும் அரசியல்வாதி. அவன் முகத்தில் பாதி போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனாகிறான். மனிதனானதும் கடைசிப் பகுதியில் சாகிறான். எனக்கு அங்கே பரிதாபம் வந்தது. வௌவால் அண்ணன் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்ததால் தவறவிட்டாரோ என்னவோ.

பாலிக் பூலாவ் பழந்தின்னி
வியாழன், மதியம் 12.15

என்னப்பா ஆளாளுக்கு அமெரிக்க வௌவாலுக்கு அடித்துக்கொள்கிறீர்கள்? நம் நாட்டு வௌவால் எங்கே போயிற்று? 1998இல் ஆர்டிஎம் டிவி1இல் வந்த கெலுவாங் மேன்! பகலில் தம்போய் மனநல ஆஸ்பத்திரியில் நோயாளி போர்ஹான், ராத்திரி தப்பித்துப் போய் ஜொகூர் பாருவில் திருடர்களைப் பிடிப்பான். கூடவே தியோங் மேன். புரூஸ் வெய்னுக்கு மாளிகை, இவனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். பேட்மேன் பிடிக்கிற ஆட்களை அனுப்புகிற இடம் ஆர்க்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, நம் ஆள் குடியிருப்பதே அங்கேதான். இதைவிட நையாண்டி வேண்டுமா? 2025இல் ஆட்கள் நடித்துப் படமாகவும் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் டுரியான் பூக்கும் காலத்தில் ராத்திரி தோட்டத்துக்குள் போனால் தலைக்கு மேல் வௌவால்தான். அது வந்து தேன் குடித்தால்தான் காய் பிடிக்கும். வௌவாலை வில்லனாக நினைக்கிற ஊர்க்காரர்களுக்கு இது எங்கே தெரியும்.

மட்டுறுத்துநர்
வியாழன், மதியம் 12.40

பழந்தின்னி ஐயா, கெலுவாங் மேனுக்குத் தனி இழை திறவுங்கள், முதல் ஆளாக நான் வருகிறேன். படத்தைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. டுரியான் இழை ஏற்கெனவே மூன்று ஓடுகிறது.

கோழி சூப்
வியாழன், இரவு 9.02

குரலைப் பற்றி யாருமே பேசவில்லையே. கெவின் கான்ராய் 2022 நவம்பர் 10 அன்று போய்விட்டார். செய்தியைப் பார்த்தபோது பங்சார் எல்ஆர்டி நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். புரூஸுக்கு ஒரு குரல், முகமூடி போட்டதும் கீழே இறங்கும் இன்னொரு குரல். அதில் மிரட்டல் இருக்கும், ஆனால் அடியில் ஒரு துக்கம் இருக்கும். ஒரு பிள்ளையிடம் பேசும்போது அந்தக் குரல் தானாக மெல்லியதாகிவிடும்.

ஹாமிஷ் லிங்க்லேட்டரைக் குறை சொல்லவில்லை. அவரும் இரண்டு குரல் போடுகிறார், நன்றாகவே போடுகிறார். ஆனால் அவருடைய பேட்மேன் அழுதுகொண்டிருக்கும் பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால், பிள்ளை இன்னும் கொஞ்சம் அழும்.

பதினாறாம் மாடி
வியாழன், இரவு 9.40

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் படிக்கிறவள் முறைக்கிறாள். சரி, குரல் விஷயத்தில் பழையதுக்கே என் ஓட்டு. ஹார்லி விஷயத்தில் அசையமாட்டேன். ‘மேட் லவ்’ பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.

செந்தூல் வௌவால்
வெள்ளி, இரவு 11.15

ஜெலுத்தோங் தம்பி சொன்னாரே என்று, ஒலியை வைத்துக்கொண்டு அந்த ஒரு இடத்தை மட்டும் போட்டேன். ‘ஆல்ஃபிரட்’ என்று கூப்பிடும் இடம். முன்னே மூன்று தடவை தாண்டிப் போயிருக்கிறேன், காதில் விழவில்லை. நேற்று விழுந்தது. ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். பின்னால் இசை கூட இல்லாதது போல எனக்குப் பட்டது. சரி, அந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறேன். மற்றதைக் கொடுக்கமாட்டேன். ஒன்பது பகுதி காயப்போட்டுவிட்டு ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்தால் தாகம் தெரியும்தான், ஆனால் ஒன்பது பகுதி காய்ந்தது காய்ந்ததுதானே?

பக்கத்துக் கேள்வி ஒன்று. புரூஸ் தமிழ்ப் பையனாக இருந்தால் ஆல்ஃபிரட்டை என்னவென்று கூப்பிடுவான்?

பிறை அக்கா
சனி, காலை 8.05

மகனைக் கேட்டேன். “ஆல்ஃபிரட் தாத்தா”. யோசிக்கவே இல்லை.

ஜெலுத்தோங் ஜோக்கர்
சனி, காலை 8.20

எங்கள் வீட்டில் ‘பெரியப்பா’. தாத்தா என்றால் ராத்திரி மூன்று மணிக்குக் கார் துடைக்கமாட்டார்.

பிறை அக்கா
சனி, இரவு 9.30

இன்றைக்கு மகனுக்கு ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ போட்டேன். சூப் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் ஃபிரீஸ் சிறையில் உட்கார்ந்து, உள்ளே நடனப் பெண் சுற்றும் அந்தப் பனி கொட்டும் கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பானே, அங்கே அமைதியாகிவிட்டான். முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. “ஜெயில்ல எல்லாத்தையும் பிடுங்கிடுவாங்களே, அந்த உருண்டைய அவன்கிட்ட யாரும்மா குடுத்தா?”

செந்தூல் வௌவால்
சனி, இரவு 9.48

அக்கா, இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. பேட்மேன்தான் கொடுத்திருப்பார். வேறு யார்?

ஜெலுத்தோங் ஜோக்கர்
சனி, இரவு 9.51

பேட்மேனுக்கு அன்றைக்குச் சளி, சீக்கிரம் படுத்திருப்பார். பென்னிவொர்த் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார், கூடவே ஒரு பிளாஸ்கும்.